எஞ்சின் ஓயட்டும், உறக்கம் தொடரட்டும்: கேரவனுக்கு ஏற்ற சிறிய ஸ்பிளிட் குளிரூட்டி

தம்பானூரில் இரண்டு நிலையங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒருபுறம் திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையம். சாலையின் மறுபுறம் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பேருந்து நிலையம். ஏப்ரல், மே மாதங்களின் நண்பகலில் இவ்வட்டாரத்தில் சற்று நேரம் நிற்பவர் ஒரு காட்சியைக் காணலாம். பயணிகளுக்காகக் காத்திருக்கும் சுற்றுலா வேன்கள், சக்கரம் சுழலாமலே எஞ்சினை மட்டும் ஓடவிட்டு நிற்கும். வண்டியோடு வரும் ஏசியின் கம்ப்ரஸரை எஞ்சின்தான் பெல்ட் வழியாகச் சுழற்றுகிறது. எஞ்சின் நின்றால் குளிர்ச்சியும் நிற்கும்.

அரை மணி நேரக் காத்திருப்புக்கு இம்முறை போதும். ஆனால் அந்த வண்டியே இரவு தங்கும் வீடாக இருந்தால் என்ன செய்வது? உறங்குவதற்காக எட்டு ஒன்பது மணி நேரம் எஞ்சினை ஓடவிடுவது பணத்திற்கும் கேடு, உடலுக்கும் கேடு. கேரவன் வாங்கவோ, கேரவன் கட்டுவித்து வாடகைக்கு விடவோ எண்ணும் வாடிக்கையாளர் முதலில் விடை காணவேண்டிய கேள்வி இது. வீடுகளில் நாம் பயன்படுத்தும் சிறிய ஸ்பிளிட் ஏசியையே திறமையாகப் பொருத்துவது அதற்குரிய விடைகளுள் ஒன்று. அதன் விலை பலருக்கும் தெரியும். அதனைச் சூழ்ந்துள்ள கணக்கே பலருக்கும் தெரிவதில்லை. அக்கணக்கை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

கேரளமும் கேரவனும்

ஆலப்புழைக் காயல்களில் நெல் ஏற்றிச் சென்ற கெட்டுவள்ளங்கள் படகுவீடுகளாக மாறி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2021-இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. ‘கேரவன் கேரளா’ என்ற பெயரில் அறிமுகமான இத்திட்டத்தில், சுற்றுலாவுக்கான கேரவன்களும் அவை இரவில் தங்கி மின்சாரமும் தண்ணீரும் பெறும் கேரவன் பூங்காக்களும் இடம்பெற்றன. மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா 2022-இல் வாகமணில் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே, 2020-இல், போக்குவரத்துக் கழகம் தன் பழைய பேருந்துகளைப் படுக்கை அறைகளாக மாற்றி மூணாறு டிப்போவில் பயணிகளுக்குக் குறைந்த வாடகைக்கு அளித்தது. சக்கரத்தின்மேல் உறங்குவது என்பது கேரளத்திற்கு இனிப் புதிதன்று.

வாகமணும் மூணாறும் மலைமேல் உள்ளவை. அங்கு இரவில் போர்வை தேவைப்படும், ஏசி தேவைப்படாது. கோவளத்திலோ வர்க்கலையிலோ கன்னியாகுமரியிலோ வண்டியை நிறுத்தினால் நிலைமை வேறு. கோடைகாலத்தில் கடலோர இரவின் வெப்பம் 26, 27 டிகிரிக்குக் கீழே எளிதில் இறங்காது. காற்றில் ஈரமும் மிகுதி. உலோகச் சுவர்களுக்குள் உறங்குபவருக்குக் குளிரூட்டி ஆடம்பரமாகத் தோன்றாது.

வடகரா தந்த பாடம்

குளிரூட்டிக்கு மின்சாரம் வேண்டும். ஜெனரேட்டர் வைத்துக்கொண்டால் ஆயிற்று என்று பலரும் எண்ணுவர். இந்த எண்ணத்தின் ஆபத்தை 2024 டிசம்பரில் நடந்த ஒரு துயரம் காட்டியது. கோழிக்கோடு மாவட்டம் வடகராவில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஏசிக்காக ஜெனரேட்டரை இயக்கிவிட்டு அவர்கள் உறங்கியிருந்தனர். கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் அதே வண்டியில் சோதனை நடத்தினர். ஜெனரேட்டர் உமிழ்ந்த கார்பன் மோனாக்சைடு வண்டித் தளத்தில் இருந்த துவாரம் வழியே உள்ளே புகுந்தது தெரியவந்தது. இரண்டு மணி நேரத்திற்குள் அதன் அளவு பத்து லட்சம் பங்கில் 950 பங்குக்கும் மேல் உயர்ந்தது. உலக நலவாழ்வு அமைப்பு ஒரு மணி நேரத்திற்கு வகுத்துள்ள வரம்பு ஏறத்தாழ 30 பங்கு மட்டுமே.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிணைப்புடன் சேர்ந்துகொள்கிறது. உறங்குபவர் விழித்தெழுவதற்கு வாய்ப்பே இல்லாமல் போகலாம். ஆகவே நம் கணக்கின் முதல் விதி இது: ஆட்கள் உறங்கும்போது அவ்வண்டியில் எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடக் கூடாது. இரவு முழுவதும் ஏசி மின்கலத்திலிருந்து ஓட வேண்டும். அது இயலவேண்டுமானால் ஏசி குறைவான மின்சாரத்தில் ஓடுவதாக இருக்க வேண்டும். மின்திறன் மிக்க சிறிய ஸ்பிளிட் ஏசியின் உண்மையான மதிப்பு இங்கேதான் உள்ளது.

முதலில் வெப்பத்தைத் தடுப்போம்

தம்பானூர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டி இந்தியன் காபி ஹவுஸ் உள்ளது. இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த செங்கல் கட்டடம் அது. சுருளாக ஏறிச் செல்லும் சாய்தளத்தின் ஓரத்தில் மேசைகள். சுவர் நெடுகச் செங்கற்களுக்கு இடையே விடப்பட்ட திறப்புகள். வெளிச்சமும் காற்றும் அவ்வழியே வரும். நேர் வெயில் வராது. வெப்பத்தை உள்ளே விட்டுவிட்டுப் பின்னர் பணம் செலவழித்து வெளியேற்றுவதைவிட, உள்ளே விடாமல் இருப்பதே மலிவு என்பதை அங்கே காபி அருந்தும் எவரும் உணரலாம்.

கேரவனுக்கும் இதுவே பொருந்தும். 5 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள கூரை, 10 சதுர மீட்டர் பரப்பு என்று கொள்வோம். வெயிலில் நிற்கும் அடர்நிற உலோகத் தகடு 60 டிகிரி வரை சூடேறும். உள்ளே 25 டிகிரி வேண்டுமென்றால் இடைவெளி 35 டிகிரி. வெறும் தகடாக இருந்தால் கூரை வழியே மட்டும் உட்புகும் வெப்பம் ஏறத்தாழ 2,000 வாட். தகட்டின் உட்புறம் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள மூடிய நுண்ணறை நுரைத்தகடு ஒட்டினால் அது ஏறத்தாழ 400 வாட்டாகக் குறையும். மிச்சமாகும் 1,600 வாட் என்பது அரை டன் ஏசி செய்யும் வேலைக்குச் சற்றே குறைவு. நுரைத்தகட்டுக்கு மின்சாரம் வேண்டாம், பராமரிப்பும் வேண்டாம்.

ஆதலின் ஏசி வாங்கும் முன் செய்யவேண்டியவை நான்கு. கூரைக்கு வெண்மையோ வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சோ தருதல். கூரை, பக்கச் சுவர், தளம் ஆகியவற்றில் எளிதில் தீப்பற்றாத வகை நுரைத்தகடு பதித்தல். கண்ணாடிகளுக்கு வெள்ளிநிறத் திரை இடுதல். கதவு, சன்னல் இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைத்தல். உட்பலகை பொருத்திய பின் நுரைத்தகடு பதிக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும். எனவே முதல் நாளிலேயே இதற்கான தொகையை மதிப்பீட்டில் சேர்த்துவிடுவது நன்று.

எத்தனை டன் போதும்?

ஏசியின் திறனை டன் கணக்கில் சொல்வது பனிக்கட்டிக் காலத்து வழக்கம். 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பமே ஒரு டன். அது 3,517 வாட்டுக்குச் சமம். நாம் எடுத்துக்கொண்ட வண்டியில் இருவர் உறங்குகின்றனர். வெளியே 28 டிகிரி, உள்ளே 25 டிகிரி. காப்பிட்ட சுவர்கள் வழியே வரும் வெப்பம், இரு உடல்களின் வெப்பம், மூச்சுக்காக உள்ளே விடும் ஈரமான வெளிக்காற்று, சிறிய குளிர்பதனப் பெட்டி ஆகிய எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 800 முதல் 900 வாட் ஆகும். அதாவது கால் டன்.

சந்தையில் கிடைக்கும் சிறிய ஸ்பிளிட் ஏசி முக்கால் டன், 0.8 டன், ஒரு டன் அளவுகளில் உள்ளது. பகல் வெயிலையும் கணக்கில் கொண்டால் இரண்டு பேருக்கான, நன்கு காப்பிட்ட வண்டிக்கு இவையே போதும். ‘பெரிதாக இருந்தால் விரைவில் குளிரும்’ என்று ஒன்றரை டன் வாங்குவோர் இரு வகையில் இழக்கின்றனர். பெரிய ஏசி சில நிமிடங்களில் வெப்பநிலையைக் குறைத்துவிட்டு நின்றுவிடும். காற்றின் ஈரத்தை வடித்தெடுக்க அதற்குப் போதிய நேரம் இராது. கடலோர ஊரில் குளிரும் பிசுபிசுப்பும் ஒருங்கே வரும். மற்றோர் இழப்பு மின்கலத்தில். அதனைப் பின்னர்க் காண்போம்.

வாங்கும்போது நட்சத்திரங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்க்க வேண்டாம். எரிசக்தித் திறன் அமைவகத்தின் ஒட்டுச்சீட்டில் ‘ஐ.எஸ்.ஈ.ஈ.ஆர்.’ என்னும் எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு பருவம் முழுவதும் வெளியேற்றும் வெப்பத்திற்கும் செலவாகும் மின்சாரத்திற்கும் உள்ள விகிதம் அது. எண் உயர உயர மின்சாரம் மிச்சம். நட்சத்திர அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய சீட்டின் ஐந்து நட்சத்திரமும் புதிய சீட்டின் ஐந்து நட்சத்திரமும் ஒன்றாகா. எண் பொய்க்காது.

ஒரே பெயரில் இரண்டு இன்வெர்ட்டர்கள்

இத்துறையில் ‘இன்வெர்ட்டர்’ என்ற சொல் இரண்டு பொருளில் வழங்குவதால் குழப்பம் நேர்கிறது. ஏசிக்குள் இருக்கும் இன்வெர்ட்டர், கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் மின்னணுச் சுற்று. மற்றையது, மின்கலத்தின் நேர்மின்சாரத்தை 230 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றித் தரும் பெட்டி. கேரவனுக்கு இரண்டும் வேண்டும்.

பழைய நிலைவேக ஏசி முழு விசையில் ஓடும் அல்லது முற்றிலும் நிற்கும். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் ஓட்ட நிலையில் எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை ஒரு கணம் இழுக்கும். அந்த ஒரு கணத்திற்காகவே பெரிய பெட்டி வாங்க நேரும். இன்வெர்ட்டர் ஏசியோ மெல்லத் தொடங்கும். நள்ளிரவுக்குப் பின் வேகத்தைத் தணித்து 200, 250 வாட் அளவில் தொடர்ந்து ஓடும். முக்கால் டன், ஒரு டன் ஏசிக்கு 2 கிலோவாட் அளவுள்ள தூய சைன் அலைப் பெட்டி போதுமானது.

மின்கலக் கணக்கு

ஆலப்புழைப் படகுவீடுகள் பலவற்றில் குளிரூட்டியை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரையே இயக்குவர். அதே ஒழுங்கை நம் கணக்கிற்கும் கொள்வோம். வீட்டு மின்கட்டணச் சீட்டில் நாம் பார்க்கும் யூனிட்டிலேயே கணக்கிடலாம். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

காப்பிட்ட வண்டியில் இன்வெர்ட்டர் ஏசியின் சராசரித் தேவை 300 வாட் என்று கொண்டால், 9 மணி நேரத்திற்கு 2.7 யூனிட். விளக்கு, மின்விசிறி, குளிர்பதனப் பெட்டிக்கு அரை யூனிட். மொத்தம் 3.2 யூனிட். மின்மாற்றத்தில் பத்தில் ஒரு பங்கு இழப்பு உண்டு. ஆக மின்கலம் தரவேண்டியது ஏறத்தாழ 3.6 யூனிட். எந்த மின்கலத்தையும் முழுவதும் வற்றவிடக் கூடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 85 விழுக்காடு வரை பயன்படுத்தலாம் என்று கொண்டால் 4.2 யூனிட் கொள்ளளவு வேண்டும். 48 வோல்ட் வரிசையில் 100 ஆம்பியர்-மணி மின்கலத்தின் கொள்ளளவு 5 யூனிட் அளவில் இருக்கும். ஒன்று வாங்கினால் சற்று மிச்சமும் இருக்கும்.

காப்பிடாத வண்டியில் ஒன்றரை டன் நிலைவேக ஏசியின் சராசரித் தேவை இதைப் போல் இருமடங்கு, 600 வாட், என்று கொள்வோம். அதே வழியில் கணக்கிட்டால் மின்கலம் ஓரிரவுக்கு ஏறத்தாழ 6.6 யூனிட் தரவேண்டும். கொள்ளளவு 8 யூனிட் அளவில் தேவைப்படும். உறங்கும் ஆட்கள் அதே இருவர்தாம்.

வீட்டு இன்வெர்ட்டருக்குப் பயன்படும் ஈய-அமில மின்கலங்கள் விலை குறைந்தவை என்பது உண்மையே. ஆயினும் அவற்றைப் பாதிக்குமேல் வற்றவிட்டால் ஆயுள் குறையும். 3.6 யூனிட் பெற 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலங்கள் நான்கு வேண்டும். ஒவ்வொன்றும் 50 கிலோவுக்கு மேல். மொத்தம் 200 கிலோவைத் தாண்டும். அதே வேலையைச் செய்யும் லித்தியம் மின்கலம் அவற்றுள் ஒன்றின் எடை அளவிலேயே இருக்கும். வண்டியின் பதிவுச் சான்றிதழில் குறித்துள்ள மொத்த எடை வரம்பை மனத்தில் கொண்டால் இவ்வேறுபாடு சிறிதன்று.

48 வோல்ட் வரிசையைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு. 900 வாட் எடுக்க 12 வோல்ட்டில் 75 ஆம்பியர் ஓட வேண்டும். 48 வோல்ட்டில் 19 ஆம்பியர் போதும். ஒரே கம்பியில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால் வேறுபாடு பதினாறு மடங்கு. கம்பிகளின் சூடு தீவிபத்திற்கு வழி. மின்கலத்தை ஒட்டியே தகுந்த ஃபியூஸ் பொருத்துவதும், மின்கலத்தின் பாதுகாப்புச் சுற்று தரமுள்ளதா என்று உறுதி செய்வதும் இன்றியமையாதவை.

கூரை தரும் மின்சாரம்

செலவான 3.6 யூனிட்டை மறுநாள் மீட்டாக வேண்டும். வழிகள் மூன்று. முதலாவது, கேரவன் பூங்காவிலோ வீட்டிலோ உள்ள மின் இணைப்பு. நான்கைந்து யூனிட் மின்சாரத்தில் மின்கலம் நிறைந்துவிடும். இரண்டாவது, வண்டி ஓடும்போது அதன் ஆல்டர்னேட்டர்; அதனை நேரடியாக இணைக்காமல் இதற்கென உள்ள மின்னேற்றி வழியாக இணைக்க வேண்டும்.

மூன்றாவது சூரியன். 10 சதுர மீட்டர் கூரையில் காற்றுப்போக்கித் திறப்பு நீங்கலாக 550 வாட் தகடுகள் இரண்டைக் கிடத்தலாம். தெளிந்த நாளில் அவை 4 யூனிட் அளவுக்குத் தரும். இடவப்பாதி மழைக்காலத்தில் அதில் பாதியை எதிர்பார்ப்பதே நன்று. முதல் வண்டியின் ஓரிரவுத் தேவையான 3.6 யூனிட்டை ஒரு நாள் வெயில் ஈடுகட்டிவிடுகிறது. இரண்டாவது வண்டியின் 6.6 யூனிட்டை ஈடுகட்ட இயலவில்லை. அவர் மீண்டும் ஜெனரேட்டரைத்தான் நாடுவார். காப்புக்காகச் செலவிட்ட தொகை இந்த இடத்தில் தன் பயனைக் காட்டுகிறது. கூரைக்கும் தகட்டுக்கும் இடையே காற்று செல்ல இடைவெளி விட்டால் தகடே கூரைக்குக் குடையாகவும் அமையும்.

ஜெனரேட்டரின் செலவையும் பார்ப்போம். சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் குறைந்த சுமையில் மணிக்கு அரை லிட்டர் குடிக்கும் என்று கொண்டால் 9 மணி நேரத்திற்கு 4.5 லிட்டர். லிட்டர் 105 ரூபாய் எனில் ஓரிரவுக்கு 470 ரூபாய்க்கு மேல்.

பொருத்தும் முறை

வீட்டு ஏசி அசையாச் சுவருக்காகச் செய்யப்பட்டது. சாலைக் குலுக்கலை அது தாங்க வேண்டுமானால் சில கவனங்கள் தேவை. வெளிப்பகுதி யூனிட்டை உடற்தகட்டில் தொங்கவிடாமல், வண்டியின் சட்டத்தோடு இணைந்த இரும்புத் தாங்கியில், அதிர்வு தாங்கும் ரப்பர் அடிமானங்களின் மேல் வைக்க வேண்டும். அதன் விசிறி தள்ளும் வெப்பக் காற்று தடையின்றி வெளியேற வேண்டும். மூடிய பெட்டிக்குள் அடைத்தால் அது தன் வெப்பத்தையே மீண்டும் உறிஞ்சித் திறனை இழக்கும்.

செப்புக் குழாய்களை விறைப்பாக இழுக்காமல் ஒரு சுற்று வளைத்து விட்டால் குலுக்கல் இணைப்புகளைத் தாக்காது. இணைப்புகளை முறுக்கு அளவுக் கருவியால் இறுக்கி, நைட்ரஜன் அழுத்தத்தில் கசிவு பார்த்து, பின்னர் வெற்றிடமாக்கியே வாயுவைத் திறக்க வேண்டும். இன்று பல ஏசிகளில் உள்ள ஆர்-32 வாயு மெல்லத் தீப்பற்றக் கூடியது. சிறிய அறையாகிய கேரவனில் கசிவுச் சோதனையைத் தவிர்த்தலாகாது. பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடமே இப்பணியை ஒப்படைக்க வேண்டும்.

ஈரம் மிகுந்த இரவில் ஏசி சில லிட்டர் நீரை வடிக்கும். வீட்டில் சுவர் சாய்வதில்லை. வண்டியோ மேட்டிலும் பள்ளத்திலும் நிற்கும். எப்பக்கம் சாய்ந்தாலும் நீர் படுக்கையின்மேல் வழியாதவாறு வடிகுழாய்க்குப் போதிய சரிவு தர வேண்டும். ஓட்டத்தின்போது வண்டியின் சொந்த ஏசியையே பயன்படுத்திவிட்டு, நின்ற பின் ஸ்பிளிட் ஏசியை இயக்குவது அதன் ஆயுளுக்கு நல்லது.

மூச்சுக்காற்றும் எச்சரிக்கை மணியும்

ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது. புதிய காற்றை அது கொண்டுவருவதில்லை. இறுக அடைத்த சிறிய அறையில் இருவர் உறங்கினால் காற்று கெடும். கூரையிலுள்ள காற்றுப்போக்கியைச் சிறிதளவு திறந்து வைக்கவே வேண்டும். நம் கணக்கில் ஈரக்காற்றுக்கும் இடம் தந்தது இதனால்தான். உள்ளே எரிவாயு அடுப்பு இருந்தால் உறங்குமுன் உருளையின் வால்வை மூட வேண்டும்.

உங்கள் வண்டியில் எஞ்சின் நின்றிருந்தாலும் அருகில் நிற்கும் வண்டியின் எஞ்சின் ஓடலாம். ஆகவே தளத்திலுள்ள துவாரங்களை எல்லாம் அடைப்பதோடு, தலைமாட்டருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்துவது கட்டாயம் என்றே கொள்வோம். மொத்தத் திட்டத்தில் மிகக் குறைந்த செலவு இதுவே. மிக உயர்ந்த பயனும் இதுவே.

ஆவணங்கள் சீராக இருக்கட்டும்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு, வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைத்தல் கூடாது என்பது அதன் சாரம். கேரவன்களுக்கென ‘ஏ.ஐ.எஸ். 124’ என்னும் தரவரையறையும் உள்ளது. சாதாரண வேனை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, கூரையைத் துளைத்து, பின்புறம் யூனிட்டை நீட்டிப் பொருத்திவிட்டு அதன்பின் அனுமதி தேடுவது தலைகீழான வழி. தரவரையறைப்படி கட்டும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம், ஏசி, மின்கலம், சூரியத் தகடு ஆகியவற்றைத் தொடக்க வரைபடத்திலேயே சேர்த்துக் கட்டுவிப்பதே பாதுகாப்பு. ஏற்கெனவே கேரவனாகப் பதிவான வண்டியில் ஏதேனும் கூட்டுவதானாலும், பணியைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று.

வண்டியின் மேல் கடன் நிலுவையில் இருந்தால், மாற்றத்திற்கு முன் வங்கியின் எழுத்து மூலமான இசைவைப் பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்திற்கும் எழுதித் தெரிவித்து, கூடுதலாகப் பொருத்திய கருவிகளின் மதிப்பைக் காப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பின் இழப்பீட்டுக்கு இடையூறாகலாம். எல்லாப் பொருள்களுக்கும் வரியுடன் கூடிய ரசீதும் உத்தரவாத அட்டையும் பெற்று ஒரே கோப்பில் வைத்திருப்பது, கடனுக்கும் உதவும், பின்னாளில் வண்டியை விற்கவும் உதவும். வீட்டு ஏசியை வண்டியில் பொருத்தினால் உத்தரவாதம் செல்லுமா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டு எழுத்தில் பெறவேண்டும்.

தவணையில் தெரியும் வேறுபாடு

இறுதியாகப் பணக்கணக்கு. விலைகள் ஊருக்கு ஊர் மாறுவன; அளவைக் காட்டுவதற்காக மட்டும் சில எண்களைக் கொள்வோம். மின்கலம் யூனிட்டுக்கு 20,000 ரூபாய் எனில், 5 யூனிட் வாங்குபவரைவிட 8 யூனிட் வாங்குபவர் 60,000 ரூபாய் கூடுதலாகச் செலவிடுகிறார். தொடக்க இழுப்பைத் தாங்கும் பெரிய மின்மாற்றுப் பெட்டிக்கு மேலும் 40,000 ரூபாய் என்று கொண்டால் வேறுபாடு ஒரு லட்சம். ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக இதைப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 2,125 ரூபாய்; அறுபது மாதங்களில் திருப்பிச் செலுத்துவது ஏறத்தாழ 1,27,500 ரூபாய். நுரைத்தகடு பதிக்காமலும் டன்னைக் கூட்டியும் நாமே வருவித்துக்கொள்ளும் கடன் இது.

வாடகைக்கு விட எண்ணுவோர் இன்னொன்றையும் சிந்திக்கலாம். ஆண்டில் எத்தனை இரவுகள் கடலோரத்தில், எத்தனை இரவுகள் மலையில் என்று பிரித்துப் பாருங்கள். உயரம் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும். தம்பானூரிலிருந்து 60 கிலோமீட்டர் அளவில் உள்ள பொன்முடி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்குத் தங்கும் இரவில் காற்றுப்போக்கியே போதும். மின்கலம் மறுநாள் கோவளத்திற்கு மிச்சமாகும். கடலோர இரவுகளில் ஏசியை 25, 26 டிகிரியில் வைத்து மின்விசிறியைச் சுழலவிட்டால் போதுமானது. ஒரு டிகிரி உயர்த்தினால் மின்செலவு ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும் என்று எரிசக்தித் திறன் அமைவகம் கூறுகிறது.

ஆகவே வரிசை இதுதான். முதலில் வெப்பத்தைத் தடுத்தல், பிறகு தேவையை அளத்தல், அதற்கேற்ற சிறிய இன்வெர்ட்டர் ஏசி, அதற்கேற்ற மின்கலம், அதற்கேற்ற சூரியத் தகடு, எல்லாவற்றுக்கும் முன் அனுமதியும் இசைவும். கட்டுமான நிறுவனத்திடம் விலைப்பட்டியல் பெறும்போது, ஓரிரவுக்கு எத்தனை யூனிட் செலவு என்ற கணக்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு தாளுடன் உங்கள் கிளைக்கு வந்தால் கடன் தொகையைச் சரியாக முடிவு செய்யலாம். எஞ்சினும் ஜெனரேட்டரும் ஓய்ந்த வண்டியில், குடும்பத்தார் அச்சமின்றி உறங்கி எழுவர்.